குடிபெயர்வும் புற்றுநோயும்: இடம் மாறினால் நோய் மாறுமா?

புக்கிட் பாத்தோக் நகரில் ஏதேனும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது முதல், சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே கட்டடத்தில் அண்டை வீட்டாராக வாழ்வது இங்கு இயல்பாகிவிட்டது. அவர்கள் சுவாசிப்பது ஒரே காற்று. அருந்துவது ஒரே குழாய் நீர். நோயுற்றால் செல்வதும் ஒரே பலதுறை மருந்தகத்திற்குத்தான். ஆயினும் சிங்கப்பூரின் புற்றுநோய்க் கணக்கைப் பார்த்தால், இச்சமூகங்களிடையே தெளிவான வேறுபாடுகள் புலப்படுகின்றன. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் சீனரிடையே மிகுதி. வாய்ப் புற்றுநோய் நெடுங்காலம் இந்தியரிடையே மிகுந்து காணப்பட்டது. ஒரே ஊரில் வாழ்வோரிடையே இத்தகைய வேறுபாடு ஏன்?

இவ்வினாவிற்கு நம் இல்லங்களில் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. “அது இரத்தத்தில் வருவது, நம்மால் ஆவதொன்றுமில்லை” என்பது ஒன்று. “ஊரில் இருந்தவரை இந்நோய் இல்லை, இங்கு வந்த பிறகே வந்தது” என்பது மற்றொன்று. முதலாவது விடை முன்னோரைக் குறை கூறுகிறது. இரண்டாவது புதிய நாட்டைக் குறை கூறுகிறது. இவ்விரண்டில் எது எந்த அளவிற்கு உண்மை என்பதை ஆராய உலகிற்குப் பெரிதும் துணை நின்றவர்கள் குடிபெயர்ந்த மக்களே. அவர்களுள் தமிழரும் அடங்குவர்.

எண்ணிக்கையும் வீதமும்

ஊர்களை ஒப்பிடுமுன் எதனை ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஓர் ஊரில் ஓராண்டில் 500 பேருக்கும் மற்றோர் ஊரில் 300 பேருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகக் கொள்வோம். இதிலிருந்து முதல் ஊரே தீங்கு மிகுந்தது என்று முடிவு செய்ய இயலாது. அங்கு மக்கள்தொகை மிகுதியாக இருக்கலாம். ஆகவே 100,000 பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுகிறோம், இதுவே வீதம். அதுவும் போதாது. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் தோன்றும் நோய். முதியோர் நிறைந்த பழைய பேட்டையையும் இளங்குடும்பங்கள் நிறைந்த புதுநகரையும் அப்படியே ஒப்பிட்டால், நாம் அளப்பது நோயை அன்று, வயதைத்தான். ஆதலால் இரண்டு ஊர்களிலும் வயதுப் பங்கீடு ஒன்றுபோல் இருப்பதாகக் கொண்டு வீதத்தைத் திருத்துவர். அதனை வயது சீராக்கிய வீதம் என்பர். உலக நாடுகளை ஒப்பிட இதற்கென ஒரு பொது மக்கள்தொகை மாதிரியை ஜப்பானிய அறிஞர் மிட்சுவோ செகி 1960இல் வகுத்தளித்தார்.

இத்தகைய ஒப்பீட்டிற்கு நம்பத்தக்க பதிவேடு வேண்டும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1965இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரை இருப்பிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஐந்து கண்டங்களின் புற்றுநோய் வீதங்களைத் தொகுத்த முதல் நூல் 1966இல் வெளிவந்தது. சில புற்றுநோய்களில், மிகுந்த நாட்டிற்கும் குறைந்த நாட்டிற்கும் இடையே பத்து மடங்கிற்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு என்பதை இத்தகைய தொகுப்புகள் உலகிற்குக் காட்டின.

சிங்கப்பூர் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர் பேராசிரியர் கா. சண்முகரத்தினம். இலங்கைத் தமிழ் மரபில் வந்து, 1921இல் பிறந்து, 2018இல் மறைந்த இவர் சிங்கப்பூரின் நோய்க்கூற்றியல் துறைக்கு அடித்தளமிட்டவர். நோயாளியின் வயது, பாலினம், இனம் ஆகியவற்றோடு நில்லாமல், சீன நோயாளிகள் எந்தக் கிளைமொழிச் சமூகத்தினர், எங்குப் பிறந்தவர் என்பவற்றையும் அவர் ஆராய்ந்தார். அதன் பயன் யாது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

குடிபெயர்ந்தோர் அளிக்கும் சான்று

இரண்டு நாடுகளின் வீதங்கள் வேறுபட்டால், அதற்குக் காரணம் மரபணுவா, வாழ்க்கைமுறையா என்பதை அவ்வீதங்களைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. ஏனெனில் நாடு மாறும்போது இரண்டும் ஒருசேர மாறுகின்றன. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் சென்று குடியேறும்போது மரபணு மாறுவதில்லை; உணவும் தொழிலும் பழக்கமும் சூழலுமே மாறுகின்றன. ஓரிரு தலைமுறைக்குள் அவர்களது வீதம் புதிய நாட்டின் வீதத்தை நெருங்கினால், காரணம் வாழ்க்கையில் உள்ளது. பல தலைமுறைக்குப் பின்னும் பழைய வீதமே நீடித்தால், மரபணுவோ அவர்கள் விடாது பற்றியிருக்கும் ஏதோ ஒரு பழக்கமோ காரணமாதல் வேண்டும்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர். வில்லியம் ஹென்சல், மினோரு குரிஹாரா ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வு அவர்களைப் பற்றியது. அக்காலத்தில் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. பெருங்குடல் புற்றுநோய் குறைவு. அமெரிக்க வெள்ளையரிடையே இந்நிலை தலைகீழாக இருந்தது. ஜப்பானிலிருந்து குடிபெயர்ந்தோரிடையே இரைப்பைப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு ஓரளவே குறைந்தது. அமெரிக்காவில் பிறந்த அவர்தம் பிள்ளைகளிடையே அது மேலும் தாழ்ந்தது. பெருங்குடல் புற்றுநோயோ, குடிபெயர்ந்தோர் வாழ்நாளிலேயே அமெரிக்க அளவை நோக்கி உயர்ந்தது.

ஒன்று மெல்லக் குறைய, மற்றொன்று விரைந்து உயர்ந்தது ஏன்? ஒவ்வொரு புற்றுநோயின் காரணமும் வாழ்க்கையின் வெவ்வேறு பருவத்தில் செயற்படுகிறது என்பதே விடை. இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணமான ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகியோர் 1982இல் கண்டறிந்தனர். அதற்காக 2005இல் நோபெல் பரிசு பெற்றனர். அந்நுண்ணுயிர் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. ஆகவே வளர்ந்தபின் கடல் கடந்தவர் அதனைத் தம்மோடு சுமந்து சென்றனர்; நெருக்கடியற்ற புதுச்சூழலில் பிறந்த பிள்ளைகள் அதற்குத் தப்பினர். பெருங்குடல் புற்றுநோய்க்கோ நடுவயதில் உண்ணும் உணவும், உடலுழைப்புக் குறைவும், உடற்பருமனும் முக்கியம். அவை கப்பலை விட்டு இறங்கியதும் மாறத் தொடங்குபவை.

சிங்கப்பூர்ச் சீனரிடம் கண்டவை

இனி நம் தீவிற்கு வருவோம். ‘சீனர்’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பவர்களிடையேயும் வேறுபாடு உண்டு என்பதைப் பேராசிரியர் சண்முகரத்தினமும் உடன் ஆய்ந்தோரும் எடுத்துக்காட்டினர். மூக்குத்தொண்டைப் புற்றுநோய் கேண்டனீஸ் மக்களிடையே மிகுதி. உணவுக்குழாய்ப் புற்றுநோயும் இரைப்பைப் புற்றுநோயும் ஹொக்கியன், தியோச்சியூ மக்களிடையே மிகுதி. இவர்கள் தென்சீனத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அப்பகுதிகளின் நோய்வரைபடத்தையே இச்சிறு தீவில் மீண்டும் வரைந்தனர் எனலாம்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 1974இல் வெளியிடப்பட்ட சிங்கப்பூர் ஆய்வு ஒன்று, கொதிக்கக் கொதிக்கப் பானம் அருந்தும் பழக்கத்தோடு அந்நோய்க்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பல ஆண்டுகள் கழித்து, 2016இல், 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களை, புற்றுநோய் விளைவிக்கக் கூடியவை எனக் கருதத்தக்கவற்றின் பட்டியலில் அனைத்துலக முகமை சேர்த்தது. தொடர்பு தேநீரோடும் காப்பியோடும் அன்று, சூட்டோடுதான்.

மூக்குத்தொண்டைப் புற்றுநோயின் கதை வேறு. சீனாவில் பிறந்து இங்கு வந்தோருக்கும் சிங்கப்பூரிலேயே பிறந்த சீனருக்கும் இடையே தொடக்ககால ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. இடம் மாறியும் நோய் எளிதில் அகலவில்லை. இதில் மூன்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன: உலகெங்கும் பரவலாக உள்ள எப்ஸ்டீன்-பார் என்னும் நச்சுயிரி, சில மரபணுக் கூறுகள், இளம்பருவத்தில் உண்ணும் சீன முறைக் கருவாடு. மரபணு மாறவில்லை, ஆனால் உணவு மாறியது. கடந்த சில பத்தாண்டுகளில் இந்நோயின் வீதம் சிங்கப்பூரில் குறைந்து வந்திருக்கிறது. மரபு வழி நிற்கும் என்று கருதப்பட்ட நோய்கூட வாழ்க்கைமுறைக்கு இணங்கி இறங்குகிறது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

வெற்றிலைப் பாக்கும் தமிழரின் கடல்வழிகளும்

தமிழரைப் பற்றிய சான்று மூன்று கடல்களைக் கடந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்தது. அங்கு நெய்யூரில் பணியாற்றிய ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், புகையிலை சேர்த்து வெற்றிலைப் பாக்கு மெல்வோரிடையே தாம் கண்ட வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். நோய், வெற்றிலைச் சுருளை அதக்கி வைக்கும் கன்னப் பகுதியில் தோன்றுவதே அதன் முதற்சான்றாக அமைந்தது.

மலாயாத் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்டச் சென்ற தமிழர் இப்பழக்கத்தைத் தம்முடன் கொண்டு சென்றனர். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியரிடையே மிகுந்து காணப்படுவதை ஆய்வுகள் தொடர்ந்து பதிவு செய்துள்ளன. சிங்கப்பூரில் சி. எஸ். மூயர், ஆர். கிர்க் ஆகிய இருவரும் வெற்றிலை, புகையிலை, வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றின் தொடர்பை 1960இல் ஆராய்ந்து எழுதினர்.

மற்றொரு கப்பல்வழி தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றது. 1860ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்களிடையே பாக்கு மெல்வோர் பெரும்பாலும் பெண்களே. அவர்களுள் பலர் அதனோடு புகையிலையைச் சேர்ப்பதில்லை. ஆயினும் அப்பெண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுந்திருந்தது. தாயகத்தில் பாக்கும் புகையிலையும் ஒருங்கே மெல்லப்பட்டதால், குற்றம் எதனுடையது என்பதைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. கடல் கடந்த இடத்தில் பழக்கம் சற்றே மாறியதால், பாக்கின் பங்கு தனித்துத் தெரிந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருள் புற்றுநோய் விளைவிக்கும் என 1985இல் அறிவித்த அனைத்துலக முகமை, புகையிலை இல்லாத சுருளும் பாக்கும்கூட அவ்வாறே என்பதைப் பின்னர் 2004இல் வெளியான அறிக்கையில் உறுதி செய்தது.

பாக்கு வாயின் உட்சவ்வை இறுகச் செய்கிறது. அதனால் நாளடைவில் வாயை முழுமையாகத் திறக்க இயலாத நிலை சிலருக்கு உண்டாகிறது; அது புற்றுநோய்க்கு முன்னோடி. பாக்கிலுள்ள வேதிப்பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தில் வினைபுரிந்து திசுவைப் புண்படுத்துகின்றன.

இதனைப் பேசுகையில் நாம் கவனமாக இருத்தல் வேண்டும். தாம்பூலம் நம் மங்கல மரபு. நிச்சயதார்த்தத்தில் வெற்றிலைப் பாக்கு மாற்றுவதும், விருந்தினருக்குத் தட்டில் வைத்து வழங்குவதும் உறவைப் போற்றும் செயல்கள். தேக்காவில் வெற்றிலை இன்றும் விற்கப்படுகிறது. அதனைப் பழிக்க வேண்டுவதில்லை. தட்டில் இருக்கும் பாக்கினால் தீங்கில்லை. நாள்தோறும் கன்னத்தில் அதக்கி வைக்கும் பாக்கினாலேயே தீங்கு. சடங்கைக் காத்துப் பழக்கத்தைக் கைவிட இயலும். சிங்கப்பூரில் நடந்ததும் அதுவே. இளைய தலைமுறை மெல்லும் பழக்கத்தைக் கைவிட, இந்தியரிடையே வாய்ப் புற்றுநோய் குறைந்து வந்தது. மெல்லும் புகையிலையை இங்கு இறக்குமதி செய்வதும் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அதே மரபணு, அதே குடும்பப் பெயர். பழக்கம் மட்டுமே மாறியது.

புதிய நாடு சேர்க்கும் சுமை

குடிபெயர்வு நோயைக் குறைக்க மட்டும் செய்வதில்லை. சிங்கப்பூரில் பதிவு தொடங்கிய 1968ஆம் ஆண்டிற்குப் பிறகு, மார்பகப் புற்றுநோயின் வயது சீராக்கிய வீதம் ஏறத்தாழ மூன்று மடங்காகியுள்ளது. பெருங்குடல் புற்றுநோயும் உயர்ந்தது. தாமதமான முதல் பேறு, குறைவான மகப்பேறுகள், குறைந்த காலமே தாய்ப்பாலூட்டுதல், மாதவிடாய் நின்றபின் கூடும் உடல் எடை, மது ஆகியன மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 1965இல் சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.66 குழந்தைகள், 2023இல் 0.97 மட்டுமே. கல்வியும் பணியும் பெற்ற பெண்ணின் வாழ்க்கை மாறியிருக்கிறது. அதனை எவரும் குறையாகக் கருத இயலாது. ஆனால் அம்மாற்றத்திற்கேற்ற பரிசோதனைப் பழக்கமும் உடன் வளர்தல் வேண்டும். அமெரிக்காவில் வாழும் ஆசியப் பெண்களைப் பற்றி 1993இல் வெளிவந்த ஆய்வும், மேற்கில் பிறந்தோருக்கு ஆசியாவில் பிறந்தோரைவிட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 60 விழுக்காடு கூடுதல் எனக் காட்டியது.

“ஊரில் இருந்தால் வந்திராது” என்பது இதனால் உண்மையாகிவிடுமா? ஆகாது, ஏனெனில் ஊரும் மாறிவிட்டது. சென்னையில் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவு தொடங்கிய 1980களில், பெண்களிடையே முதலிடம் பெற்றது கருப்பை வாய்ப் புற்றுநோய். பின்னர் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் வி. சாந்தா போன்றோர் ஆற்றிய பணியே இம்மாற்றத்தை எண்களால் அறிய உதவியது. சென்னையை விட்டு எங்கும் செல்லாதவரும், ஒருவகையில், ஒரு காலத்திலிருந்து மற்றொரு காலத்திற்குக் குடிபெயர்ந்தவரே.

எண்களைப் படிக்கையில் எச்சரிக்கை

இங்கு ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இனவாரியான வீதங்களை வகுப்பறையில் காட்டும்போது, அவை ஓர் இனத்தின் தலைவிதி என்று மாணவர் கருதிவிட இடம் தரலாகாது. மரபுவழியாக வரும் ஒற்றை மரபணுக் குறையால் ஏற்படும் புற்றுநோய்கள் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடே. ‘இந்தியர்’ என்னும் பிரிவும் நிலையானதன்று. 1990இல் சிங்கப்பூர்வாசிகளில் 7.1 விழுக்காடாக இருந்த இந்தியர் 2010இல் 9.2 விழுக்காடாயினர். புதிதாக வந்தோர் பலர் வேறு மாநிலத்தவர். வேறு உணவும் வேறு பழக்கமும் உடையவர். இந்தியாவிற்குள்ளேயே பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில் மிகுதி, தெற்கில் குறைவு. ஆகவே ஒரே பெயரின் கீழ் வரும் எண் மாறினால், மாறியது நோயா, எண்ணப்படும் மக்களா என்று வினவுதல் வேண்டும்.

கண்டறியும் முறையும் எண்ணை மாற்றும். தென்கொரியாவில் தைராய்டு புற்றுநோய் 1993க்கும் 2011க்கும் இடையே 15 மடங்காக உயர்ந்தது. நோய் பெருகியதன்று, நுண்கட்டிகளைத் தேடும் பரிசோதனை பெருகியதே காரணம்.

எண்ணப்படாதோரும் உளர். பதிவகத்தின் வீதங்கள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் சார்ந்தவை. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேலை அனுமதியில் வந்து, ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் தொழிலாளர்கள் அவ்வீதங்களில் இடம்பெறுவதில்லை. வருமுன் உடற்சோதனையில் தேறியவர்களே வருகின்றனர். கடும் நோயுற்றால் பெரும்பாலும் ஊர் திரும்புகின்றனர். குடிபெயர்ந்தோர் நலமுடையோர் என்னும் தோற்றம் இதனாலும் உண்டாகிறது. அவர்களிடையே புகையிலையும் பாக்கும் மெல்வோர் உளர். நம் மொழியில் அவர்களிடம் பேசக்கூடியவர்கள் நாமே.

நாம் செய்யத்தக்கவை

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் ஆராயுமாறு மருத்துவர்க்கு உரைக்கிறார். குடிபெயர்ந்தோரின் நோய்க்கணக்கு காட்டும் காரணங்களுள் மிகப் பல நம் கைக்கு எட்டுபவை. அரசின் கைக்கு எட்டியவையும் உண்டு. பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1987 முதல் வழங்கப்படுகிறது. அது கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமிக்கு எதிரான தடுப்பூசி உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவியருக்கு 2019 முதல் பள்ளியிலேயே போடப்படுகிறது.

எஞ்சியவை இல்லத்தில் நடைபெற வேண்டியவை. மாணவர்கள் தம் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளைப் பற்றிக் கேட்டு எழுதலாம்: தாத்தா பாட்டி எங்குப் பிறந்தனர், என்ன தொழில் செய்தனர், எதை உண்டனர், எதை மென்றனர், எவ்வளவு தூரம் நடந்தனர்? பெற்றோர் காலத்தில் எது மாறியது? தம் காலத்தில் எது மாறுகிறது? நோய்களின் பெயரைக் கேட்டு எவரையும் புண்படுத்த வேண்டுவதில்லை. பழக்கங்களைக் கேட்டாலே போதும். ஆசிரியர்கள் அவ்விடைகளைக் கொண்டு, எது மரபு, எது பழக்கம், எது சூழல் என்று பிரித்தறியக் கற்பிக்கலாம். வீட்டில் 50 வயதைக் கடந்த பெண்களிடம் மார்பகப் பரிசோதனையைப் பற்றியும், அவ்வயதைக் கடந்த அனைவரிடமும் ஆண்டுதோறும் செய்யத்தக்க எளிய மலப் பரிசோதனையைப் பற்றியும் இளையோர் தமிழில் எடுத்துரைக்கலாம். ஆங்கிலத் துண்டறிக்கையைக் காட்டிலும் பேரப்பிள்ளையின் சொல் பாட்டியின் செவியில் எளிதில் ஏறும்.

நம் முன்னோர் கடல் கடக்கையில் மொழியையும் சமயத்தையும் சமையலையும் கொண்டு வந்தனர். ஒருசில தீங்குகளும் உடன் வந்தன. வந்த நாடும் சிலவற்றை நீக்கிச் சிலவற்றைச் சேர்த்தது. எவற்றை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது, எவற்றை இத்தலைமுறையோடு நிறுத்துவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம்மிடம் உள்ளது. வாய்ப் புற்றுநோயில் அத்தேர்வை ஒருமுறை சரியாகச் செய்திருக்கிறோம். மார்பகப் புற்றுநோயிலும் பெருங்குடல் புற்றுநோயிலும் அது இனிமேல்தான் செய்யப்பட வேண்டும்.